யாருடைய பாலுண்ணி

வண்ணார்பேட்டையில் இருபத்தாறு வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக் கொடுப்பது அதில் பாதி வேலைதான். மீதிப் பாதி, டாக்டர் சொன்னதை மெத்தென்று ஆக்கிச் சொல்வது. ரிப்போர்ட்டை நீட்டி, "அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்காவ?" என்று கேட்கிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். அதனால் சர்க்கரை வியாதி என்று என் வாயால் சொன்னதே இல்லை. "சுகர் லேசா எட்டிப் பாக்குது" என்பேன். ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், "ரத்தம் கொஞ்சம் பைய ஓடுது." தெருவில் எனக்குப் பாதி டாக்டர் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான் என்றாலும் உள்ளூர எனக்கு அதில் பெருமை உண்டு. அந்தப் பெருமை பிடித்த வாய்தான் என் அக்காவின் ஏழு வாரத்தை வீணாக்கியது.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துபோனாள். அக்காவுக்கு அப்போது பதினேழு. பெண் பார்க்க வந்தவர்களிடம், "எந்தம்பியும் கூட வருவான். சம்மதம்னா சொல்லுங்க" என்று அடுப்படியில் இருந்தே சத்தம் கொடுத்தாளாம். வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அவர்தான் என் அத்தான். அப்படி, அக்காவின் சீர்ப் பாத்திரங்களோடு ஒரு உருப்படியாக நானும் அவருடைய ஆற்றோரத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அத்தான் காலமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. நான் டவுனுக்கு வந்துவிட்டேன். அவள் அதே வீட்டில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டு இருந்தாள். எங்களோடு வந்து இரு என்று கூப்பிட்டால், "உன் மாடி வீட்டுக் குழாயில ஆத்துத் தண்ணி வரட்டும், வாரேன்" என்பாள். குழாயில் வருவதே ஆற்றுத் தண்ணீர்தானே என்றால், "போல மூதி, அது செத்த தண்ணி" என்பாள்.

போன வருஷம் சாரல் விழ ஆரம்பித்த சமயம், அவள் பஸ் ஏறிக் கடைக்கு வந்தாள்.

"சோறு நெஞ்சுல நின்னு நின்னு போவுதுலே. வாயுவுக்கு ஏதாச்சும் கொடு."

கொடுத்தேன். பத்து நாளில் மறுபடி வந்தாள். வேறு மாத்திரை கொடுத்தேன். மூன்றாம் தடவை வந்தபோது வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. சோற்றை மோர் விட்டுக் கரைத்தால்தான் இறங்குகிறது என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே இருந்து கொஞ்சம் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வந்த அன்று கடையில் நல்ல கூட்டம். ஒருவருக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே உறையைப் பிரித்தேன். உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புற்றுநோய். எத்தனையோ பேருடைய காகிதத்தில் படித்திருக்கும் வரிதான். அக்காவின் பெயருக்குக் கீழே அதை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. சில செல்களில் வைரஸ் தொற்றின் சாயல் தெரிகிறது என்று. உணவுக்குழாயில் எடுத்த சதைக்கு அப்படி ஒரு வரி எழுதி நான் அதுவரை பார்த்ததில்லை.

டாக்டரம்மா என்னைவிட வயதில் மிகவும் இளையவர், இந்த ஊர்ப் பெண். அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"பீடி குடிப்பாங்களா?"

"சுத்துவா. குடிக்க மாட்டா."

"வெத்தலை, புகையிலை?"

"கிடையாது. டீ மட்டும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பா."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு நான் அந்தக் கீழ் வரியைக் காட்டினேன். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் சுருங்கிப்போன ஒரு புள்ளியை வைத்தார்.

"நல்ல செல்லுக்குள்ள எல்லாம் நெறஞ்சு இருக்கும் அண்ணாச்சி. இந்த வைரஸ் நுழைஞ்ச செல்லு இப்படித்தான் தெரியும். நடுவுல மட்டும் இருட்டா ஒண்ணு. சுத்தி வெறுமையா இருக்கும்."

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் வீட்டின் நடுவில் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"இதனாலதான் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"கர்ப்பப்பை வாயில வர்றதுக்கு இந்த வைரஸ்தான் காரணம்னு உறுதியாயிட்டு. சாப்பாட்டுக் குழாய்ல அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. சில ஊர்ல கட்டியைச் சோதிச்சா அகப்படுது. சில ஊர்ல அகப்படவே இல்ல. திருட்டு நடந்த அன்னிக்கு ஒரு வீட்டு வாசல்ல ஒருத்தன் நின்னான்னு வைங்க. அவன்தான் எடுத்தான்னு சொல்ல முடியுமா? நின்னது மட்டும் நிஜம்."

"எத்தனை நாளா நிக்கான்?"

"வருஷக்கணக்கா சும்மாவே இருக்கும். எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. ரொம்பப் பெரிய பூதம்னு நினைக்காதீங்க. கையில மரு வருதுல்லா, அந்த வைரஸுக்கு இது பங்காளி."

அதோடு வைரஸ் பேச்சை விட்டுவிட்டார். அது காரணமோ இல்லையோ, வைத்தியம் ஒன்றுதான் என்றார். கதிர் வைக்க வேண்டும், ஊசி மருந்து ஏற்ற வேண்டும், கட்டி சுருங்கியதும் அறுவை சிகிச்சை. "இப்ப கட்டி குழாயைத் தாண்டல. அடுத்த வாரமே ஆரம்பிச்சிரணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

வெளியே வந்தேன். அக்கா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"என்னலே சொல்லுதாவ?"

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் என் பழக்கதோஷம் முந்திக்கொண்டது. டாக்டரம்மா சொன்ன மரு என்ற மெத்தென்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மருவை எங்கள் பக்கம் பாலுண்ணி என்போம்.

"பயப்பட ஒண்ணும் இல்லக்கா. உள்ள ஒரு பாலுண்ணி வந்திருக்காம். கதிர் வச்சு எடுத்துரலாம்னு சொல்லுதாவ."

அக்காவின் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவள் பயப்படவில்லை. எதையோ வெகுநாளாக எதிர்பார்த்திருந்தவள் போலத் தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஊருக்குக் கூட்டிப் போனேன். வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப அது உன்னோடதுதாம்லே."

எனக்கு ஒன்பது வயதில் வலது கை விரல்களில் பாலுண்ணி வந்தது. ஒன்று மூன்றாகி, மூன்று ஏழாகி, பள்ளிக்கூடத்தில் ஒருத்தனும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அந்த ஊர் ஆற்றங்கரையில் ஒரு அம்மன் பீடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை உப்பும் மிளகும் கொண்டுபோய் அந்தக் கல்லில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். உப்பு கரையக் கரையப் பாலுண்ணியும் கரையும் என்பது ஊர் நம்பிக்கை. அதற்குக் கறாரான முறைகள் உண்டு. யாருக்குப் பாலுண்ணியோ அவரேதான் போட வேண்டும். அடுத்தவர் உப்பை நாம் தொட்டால் அவருடையது நமக்கு வந்துவிடும். நான் பீடத்துக்குப் பக்கத்தில் போகவே பயந்து அழுதேன். அக்கா என் கையில் இருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, அவளே போட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்று மாதத்தில் என் கை சுத்தமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு வரும் மரு பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்று பிற்பாடு நான் கல்லூரியில் படித்தேன். அக்கா அதைப் படிக்கவில்லை.

"எங்கைக்கு வரலியே, எங்கைக்கு வரலியேன்னு இத்தன வருஷமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "கைக்கு ஏன் வரும்? உள்ள போயில்லா ஒக்காந்திருக்கு."

வருஷக்கணக்காகச் சும்மா இருக்கும் என்று டாக்டர் சொன்னதை இவள் கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்தது, நான்தான் சாத்தினேன். "கிறுக்கி மாதிரிப் பேசாதக்கா" என்று கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

அவள் சட்டை செய்யவில்லை. "சோறு எறங்கும்போது எனக்குத் தெரியும்லே. உள்ள ஒருத்தன் நிக்கான். வழி விடலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சு விடுதான்."

அவளும் அதையேதான் சொன்னாள், ஒருத்தன் நிற்கிறான் என்று. அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க முடியாமல் நான் கிளம்பி வந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை வாடகைக் காரை எடுத்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப் போனேன். வரமாட்டேன் என்றாள். கெஞ்சினேன், திட்டினேன், நிலைப்படியில் தலையை முட்டிக்கொள்ளாத குறை. அவள் பீடி இலையை வெட்டிக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னாள்.

"கதிர் வச்சு எரிச்சா அது சும்மா சாவுமாலே? உடையவனத் தேடித்தான் வரும். கைக்கு வந்தாலாவது பரவாயில்ல. உன் தொண்டைக்கு வந்தா? உனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு. நான் அம்மன்ட்ட முறையாச் சொல்லிக் கரைச்சிருதேன். அப்பம் அது யாருக்கும் போவாது. தண்ணியோட போயிரும்."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். பாலுண்ணி என்றது நான் கட்டின கதை, இது புற்றுநோய், நாள் கடத்தினால் செத்துப்போவாய் என்று பச்சையாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெருவுக்கெல்லாம் மெத்தென்று பேசிப் பழகிய வாய்க்கு அது வரவே மாட்டேன் என்றது. இரண்டு செவ்வாய் போகட்டும், தானே அலுத்துப்போய் வருவாள் என்று எனக்கு நானே மருந்து கொடுத்துக்கொண்டேன். டாக்டரம்மா போன் செய்தபோது, "அக்காவுக்குக் காய்ச்சல், விட்டதும் கூட்டியாறேன்" என்றேன். அதுவும் பொய்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்காவே போன் செய்தாள். குரல் தெளிவாக இருந்தது. "வாலே, சொதி வச்சிருக்கேன்" என்றாள். போனேன். தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி, என் கண் முன்னால் உட்கார்ந்து, மோர் விட்டுக் கரைக்காமல், கட்டிச் சோறாகப் பிசைந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளமும் இறங்கியது. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். "வழி விட்டுட்டான் பாத்தியா" என்று சிரித்தாள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பயமாக இருந்தது. நான் அவசரத்துக்குச் சொன்ன ஒரு பொய் அங்கே உயிர் பெற்று, என் எதிரில் சோறு தின்றுகொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நம்பிவிட்டேன். படித்தவன், அலமாரி நிறைய மருந்தை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறவன், அந்த ஒரு வாரம் முழுவதும் நம்பினேன். கட்டியில் ஒரு பகுதி அழுகி விழுந்தால் கொஞ்ச நாளைக்கு வழி திறக்கும், அதற்குக் குணமானது என்று அர்த்தமில்லை என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

ஐந்தாம் வாரம் சோறு மறுபடி நின்றது. அதற்கடுத்து, கஞ்சியும் தங்கித் தங்கித்தான் இறங்கியது. ஆறாவது செவ்வாய் காலையில் அவளுக்குத் தெரியாமல் ஆற்றங்கரைக்குப் போய் நின்றேன்.

பத்து மணி வெயில். ஆற்றில் முட்டளவு தண்ணீர், கரையில் ஒரு ஆள் இல்லை. அம்மன் என்றால் சிலை ஒன்றும் கிடையாது, ஒரு மொட்டைக் கல். அதன் மேல் எத்தனையோ பேர் போட்ட உப்பு கரைந்து, காய்ந்து, வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சுற்றிலும் ஒரு முழத்துக்குப் புல் முளைக்கவில்லை. உப்புப் பட்ட மண்ணில் புல் முளைக்காது, அதில் அதிசயம் இல்லை. ஆனால் நடுவில் கறுத்த கல், சுற்றி வெறும் தரை. டாக்டரம்மா சீட்டின் பின்னால் போட்ட வட்டம் அப்படியே என் காலடியில் கிடந்தது. ஒரு ஆடு வந்து கல்லை நக்கிக்கொண்டிருந்தது. அது தலையைத் தூக்கியபோது வாயோரமெல்லாம் சொரசொரவென்று முளைத்திருந்ததைப் பார்த்தேன். ஆடுகளுக்கு வரும் வாய்ப்புண்தான் அது. என்னிடமே அதற்கு மருந்து வாங்கிப் போவார்கள். இருந்தும் அது என்னைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டதும், நான் இரண்டடி பின்னால் போனேன்.

அப்போது அக்கா வந்தாள். கையில் பொட்டலம். எலும்பும் தோலுமாக, நடக்க முடியாமல், ஆனால் தலைகுளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"ஏலே, நீ என்னத்துக்கு இங்கன வந்த? தள்ளி நில்லு. உப்ப மிதிச்சிராத."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "எக்கா, அது பாலுண்ணி இல்ல. நான் பொய் சொன்னேன். உனக்கு வந்திருக்கது கேன்சர். டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாவ. நான்தான் சொல்ல மாட்டாம அப்படிச் சொன்னேன்" என்றேன். அழுகையும் கத்தலுமாக ஏதேதோ சொன்னேன். அவள் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப பாலுண்ணின்னு ஒனக்கு யாரு சொன்னா? நீயாவா சொன்ன?"

"டாக்டர் சொன்னாவ... மருவக் கொண்டு வாற கிருமிக்கு இது பங்காளின்னு. பங்காளின்னுதான் சொன்னாவ. அந்தக் கிருமி வேற, இது வேற. அதுவும் இதுதான் காரணம்னு யாருக்கும் தெரியாது."

"பங்காளின்னா ஒரே குலசாமிதானலே" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். நான் படித்த படிப்பு அத்தனையும் அந்த ஒரு வரியிடம் தோற்றுப் போயிற்று. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடிந்திருந்தால் அவளைத் திருப்பியிருப்பேன். டாக்டரே அப்படிச் சொல்லவில்லையே. அக்கா என்னைச் சுற்றிக்கொண்டு போய், உப்பைக் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் பின்னாலேயே நானும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஏழாவது வாரம் அவளால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. கிண்ணத்தில் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடித்தால் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. அப்போதும் ஒரு நிபந்தனை வைத்துத்தான் கிளம்பினாள்.

"நான் வாரேன். ஆனா மொதல்ல ஒந்தொண்டையப் பாக்கச் சொல்லு. ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு அவிய வாயால சொல்லணும். அப்புறம் என்னைய என்ன வேணாலும் செய்யட்டும்."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்ததும், "இத்தனை நாள் எங்க போனீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அவள் காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரை டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை. பிறகு என்னை உட்காரச் சொல்லி, நாக்கை அமுக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச் வெளிச்சம் உணவுக்குழாய்க்குள் போகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா இருக்கு."

அக்கா இரண்டு கையையும் எடுத்து அவரைக் கும்பிட்டாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு டாக்டரம்மா என்னிடம் தனியாகப் பேசினார். கட்டி மூச்சுக்குழாய் வரை போய்விட்டது. இனி அறுவை சிகிச்சை கிடையாது. கதிர் வைக்கலாம், கொஞ்ச நாள் கிடைக்கும். முதலில் சொன்னபடி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "வாய்ப்பு இருந்துச்சு" என்றார். அவர் மெத்தென்று பேசவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதைதான்.

வைரஸுக்கான அந்தத் தனிச் சோதனையைப் பிறகு யாரும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் நின்றவன் யார் என்று தெரியாமலே போயிற்று.

இப்போது அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். வயிற்றில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் ஊற்றுகிறோம். வாய் வழியாக ஒரு சொட்டு இறங்காது. ஆனால் மத்தியானம் நான் கடையில் இருந்து வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், அது அவள் உத்தரவு. சாப்பாட்டைப் பார்க்க மாட்டாள். என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு கவளமும் இறங்குகிறதா என்று கண் கூடவே இறங்கும். நான் எழுந்து கை கழுவப் போனதும்தான் கண்ணை மூடுவாள்.

போன வியாழக்கிழமை ரசஞ்சோற்றில் ஒரு கவளம், நெஞ்சுக்கு நடுவில், ஒரு நிமிஷம் நின்றது. அவசரமாக விழுங்கியிருப்பேன். எல்லோருக்கும் எப்போதாவது நிற்பதுதான். நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அக்கா தலையணையில் இருந்து தலையைத் தூக்கிவிட்டாள்.

"எறங்கிட்டாலே?"

"எறங்கிட்டுக்கா" என்றேன். அது இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.